போதைப் பழக்கம் உள்ளவர் நோகுது என்று சொல்லும்போது தாதி என்ன செய்ய வேண்டும்

யாழ்ப்பாணத்தில் ஒரு சத்திரசிகிச்சை விடுதியில் அண்மையில் கடமையேற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடையெலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துச் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட 26 வயது இளைஞர் ஒருவர் அவருடைய விடுதியில் இருக்கிறார். அவர் ஹெரோயின் பாவிப்பவர் என்பதைத் தாயார் தனியே வந்து அழுதபடி சொல்லியிருக்கிறார். இளைஞர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோவுக்கு ஊசி கேட்கிறார். போட்டால் பழக்கம் இன்னும் முற்றும் என்று மூத்தவர்கள் சிலர் சொல்கிறார்கள்; போடாவிட்டால் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுமுன்பே எழும்பிப் போய்விடுவார் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். "நான் யார் சொல்வதைக் கேட்பது? அவருக்கு உண்மையிலேயே நோகிறதா என்பதை எப்படி அறிவது?" என்பதே கேள்வி. இதே கேள்வியோடு இரவுக் கடமையில் தனியே நிற்கும் தாதியர் பலர் இருப்பார்கள் என்பதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமான மறுமொழியைச் சொல்லிவிடுகிறேன். அந்த இளைஞருக்கு இரண்டு வருத்தங்கள் இருக்கின்றன. முறிந்த தொடை ஒன்று. ஹெரோயினில் சார்ந்துபோன உடம்பு மற்றது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பராமரிப்பு வேண்டும். ஒன்றுக்கான மருந்தைப் பிடித்து வைத்து மற்றதைக் குணமாக்க முடியாது. சத்திரசிகிச்சை முடிந்த முதல் மூன்று நான்கு நாட்களில் நோவைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் அவர் ஆழமாக மூச்செடுக்கமாட்டார், இருமமாட்டார், காலை அசைக்கமாட்டார், நித்திரை கொள்ளமாட்டார். கடைசியில் ஓர் இரவில் நண்பர் ஒருவரை அழைத்து, வெளியே போய், தனக்குத் தெரிந்த மருந்தைத் தானே தேடிக்கொள்வார். விடுதியில் நோவுக்கு ஒழுங்காக மருந்து கொடுத்ததனால் பழக்கம் முற்றியவர்களிலும் பார்க்க, நோவோடு விடப்பட்டதனால் பழைய இடத்துக்கே திரும்பிப் போனவர்களையே நான் கூடுதலாகக் கண்டிருக்கிறேன்.

உண்மையிலேயே நோகிறதா என்ற கேள்விக்கு வருவோம். நாடித்துடிப்பை எண்ணலாம், இரத்த அழுத்தத்தை அளக்கலாம். நோவை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. நோவை அனுபவிப்பவர் எதை நோ என்கிறாரோ அதுவே நோ, இருக்கிறது என்று அவர் சொல்லும் நேரமெல்லாம் அது இருக்கிறது என்று மார்கோ மக்கஃபெரி என்ற அமெரிக்கத் தாதி 1968இல் எழுதினார். நோ பற்றிய ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, தனக்கு நோகிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்பதையும் அதன் விளக்கக் குறிப்புகளில் சேர்த்தது. போதைப் பழக்கம் உள்ளவருக்கு இதில் விதிவிலக்கு எதுவும் எழுதப்படவில்லை.

இதை நான் வாசித்து நம்பத் தொடங்கவில்லை. ஒரு பிழையால் நம்பத் தொடங்கினேன். பல வருடங்களுக்கு முன்னர், வேறொரு வைத்தியசாலையில், எனக்கு இரவுக் கடமை. கணைக்கால் எலும்பு முறிந்து பிளாஸ்டர் போடப்பட்ட இளைஞர் ஒருவர். குடியும் கஞ்சாவும் குளிசைகளும் பாவிப்பவர் என்று கடமை ஒப்படைக்கும்போதே எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இரவு பத்து மணிக்கு ஊசி போட்டேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பவும் கூப்பிட்டார். "தம்பி, இப்பதானே போட்டது, பொறுக்க வேணும்" என்றேன். "மிஸ், இது முந்தின நோ இல்லை, கால் வெடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். நான் பதிவேட்டில் "தொடர்ந்து ஊசி கேட்கிறார்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். விடியப்புறம் ஐந்து மணிக்குப் படுக்கை விரிப்பைச் சரிசெய்த பயிற்சித் தாதியின் கை அவருடைய பெருவிரலில் பட்டபோது அவர் போட்ட சத்தத்தில் முழு விடுதியும் எழும்பியது. பிளாஸ்டரை வெட்டித் திறந்து, சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோய், தசையுறையைக் கீறி அழுத்தத்தை விடுவித்தார்கள். கால் தப்பியது, ஆனால் பாதத்தை மேலே உயர்த்தும் சக்தி அவருக்குத் திரும்பவில்லை.

தசைகளைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் கூடி இரத்தவோட்டம் தடைப்படுவதையே கொம்பார்ட்மென்ட் சின்ட்ரோம் என்கிறோம். சுமார் ஆறு மணித்தியாலங்களுக்குள் தசை மீள முடியாதபடி சாகத் தொடங்கலாம். காயத்தின் அளவுக்குப் பொருந்தாத நோ, முன்னர் போதுமாக இருந்த மருந்து போதாமற் போவது, கால்விரலை மெதுவாக நீட்டிப் பார்க்கும்போது துடித்துப்போவது ஆகியவையே அதன் முதல் அறிகுறிகள். பாதத்தில் நாடி கடைசிவரை தொட்டுணரக்கூடியதாக இருக்கும். நாடி இருக்கிறது என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. அந்த இளைஞர் சொன்ன ஒரு வசனத்தில் நோயின் பெயர் மட்டுந்தான் இல்லை. மற்ற எல்லாம் இருந்தன. குடிகாரன் என்ற சொல் எனக்கு முன்னால் நின்றதனால் நான் அதைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து, போதைப் பழக்கம் உள்ளவர் நேரத்துக்கு முன்னர் மருந்து கேட்டால் கடிகாரத்தைப் பார்க்குமுன் காயத்தைப் பார்க்கிறேன்: கட்டு நனைந்திருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, விரல்களில் உணர்வும் அசைவும் இருக்கின்றனவா, பிளாஸ்டர் இறுகியிருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, சலம் போகாமல் அடிவயிறு ஊதியிருக்கிறதா என்று. அந்த வரிசையில் ஏதாவது ஒன்று பிழையாக இருந்தால் வைத்தியரைக் கூப்பிட வேண்டியது உடனேதான், விடிந்த பிறகு இல்லை.

இனி, அந்த இளைஞருக்கு ஏன் மற்றவர்களிலும் கூடுதலாக மருந்து தேவைப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் விடுதிகளில் மூன்று விடயங்கள் ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றன; குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. ஒரே அளவு மருந்து நாட்போக்கில் குறைந்த பலனைத் தருவது, உடம்பு மருந்துக்குப் பழகிப்போவது. மருந்தை நிறுத்தியதும் நடுக்கம், வாந்தி, வயிற்றோட்டம் போன்றவை வருவது, உடம்பு மருந்தில் சார்ந்துபோவது. தீங்கு வருவது தெரிந்தும், விடவேண்டும் என்று விரும்பியும் விடமுடியாமல் தேடிப் பாவிப்பதே போதை நோய். புற்றுநோய்க்காக மாதக்கணக்கில் மோர்பின் எடுக்கும் ஒரு பாட்டிக்கு முதலிரண்டும் வரும், மூன்றாவது வராமலே இருக்கலாம். உங்கள் நோயாளிக்கு மூன்றும் இருக்கக்கூடும். அப்படியானால் சாதாரண அளவு மோர்பின் அவருடைய உடம்பின் அன்றாடக் கடனைத் தீர்ப்பதற்கே போதாது. தொடைக்கு அதில் எதுவும் மிஞ்சாது. இதற்கு மேலாக, ஹெரோயின், மோர்பின் போன்ற அபின் வகை மருந்துகளை நீண்டகாலம் பாவித்தவர்களின் நரம்புத்தொகுதி நோவைக் கூடுதலாக உணரும் நிலைக்கு மாறிவிடுகிறது. ஹெரோயினுக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் மெதடோன் சிகிச்சையில் இருப்பவர்கள் குளிர்நீரில் கையை வைத்திருக்கும் சோதனையில் மற்றவர்களிலும் மிக விரைவாகக் கையை எடுத்துவிடுகிறார்கள் என்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்ட விடயம். அவர் மிகைப்படுத்துகிறார் என்று நீங்கள் நினைக்கும் நோ, அவருடைய நரம்புகளில் உண்மையாகவே பெரிதாக இருக்கலாம்.

ஆனால் போதைப்பொருள் என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடக் கூடாது. எதைப் பாவித்தார் என்பதைப் பொறுத்து உங்கள் கண்காணிப்பு மாறும். ஐஸ் என்று இங்கே சொல்லப்படும் மெதம்பெட்டமின் பாவிப்பவருக்கு அதனால் மோர்பினுக்குப் பழக்கம் ஏற்படுவதில்லை. ஹெரோயின்காரருக்குக் கொடுக்கும் அளவை அவருக்குக் கொடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஐஸின் தாக்கம் உள்ளபோது நாடியும் இரத்த அழுத்தமும் உயர்ந்து பதற்றமாக இருப்பார். அது இறங்கியதும் ஓரிரு நாட்கள் அடித்துப்போட்டதுபோல் நித்திரை கொள்வார், மனம் சோர்ந்து உயிரை வெறுத்துப் பேசவும் கூடும். கஞ்சா தொடர்ந்து பாவிப்பவர்களுக்கு மயக்க மருந்தும் சத்திரசிகிச்சைக்குப் பின்னரான நோமருந்தும் கூடுதலாகத் தேவைப்படலாம். நரம்பு நோவுக்குக் கொடுக்கப்படும் பிரிகபாலின் குளிசைகளைப் போதைக்காக விழுங்குவோரும் இருக்கிறார்கள். அதோடு மோர்பின் சேர்ந்தால் மூச்சுத் தாழ்வு வரும் அபாயம் கூடும் என்பதனால் அந்தக் குளிசையைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

நான் கூடுதலாகப் பயப்படுவது மதுவுக்கு. குடும்பத்தவர்கள் ஹெரோயினை அழுதாவது சொல்லிவிடுவார்கள். சாராயத்தையும் கசிப்பையும் ஒரு வருத்தமாகவே எண்ணாததனால் சொல்லமாட்டார்கள். கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் ஆள் தடுமாறி, இல்லாத பூச்சிகளைச் சுவரில் கண்டு, சேலைனைப் பிடுங்கி எறியும் கடும் நிலை வரலாம். சத்திரசிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் இரவு ஒருவர் இப்படிக் கூச்சலிட்டால், நோ தாங்காமல் கத்துகிறார் என்று மோர்பினைக் கூட்டுவதும், பேய்க்குணம் என்று திருநீறு பூச உறவினரை அழைப்பதும் ஒரே அளவு ஆபத்தானவை. மது சார்ந்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின், அதாவது வைட்டமின் பி 1, கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். இல்லையேல் மூளை பாதிக்கப்படலாம். ட்ரமடோல் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும் மருந்து என்பதனால் குடி நின்ற முதல் நாட்களில் அது எழுதப்பட்டிருந்தால் வைத்தியரிடம் ஒருமுறை கேளுங்கள். பெரசிட்டமோல் நாளொன்றுக்கு 4 கிராம் வரை என்பது பொதுவான எல்லை. நெடுங்காலம் குடித்து ஈரல் கெட்டவர்களுக்கு 2 கிராம் என்று குறைப்பது வழக்கம். எங்கள் விடுதிகளில் கை நீட்டினால் கிடைக்கும் நோமருந்தான டைக்ளோபெனக்கும் குடித்துப் புண்ணாகிப்போன இரைப்பையில் இரத்தப்போக்கை ஏற்படுத்தலாம்.

இவற்றை எல்லாம் அறிவதற்குக் கேட்க வேண்டும். கேட்கும் விதத்தில்தான் கிடைக்கும் மறுமொழி தங்கியிருக்கிறது. எங்கள் விடுதிகளில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு கை அகலம். பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வருபவர் அதே ஊர்க்காரராகக்கூட இருப்பார். மறைப்புத் திரையை இழுத்து, தாயாரை ஒரு தேத்தண்ணி குடித்து வரும்படி அனுப்பிவிட்டு, கதிரையில் இருந்துகொண்டு கேளுங்கள். நின்றுகொண்டு கேட்டால் விசாரணையாகிவிடும். "தம்பி, நான் இதைப் பொலிசுக்குச் சொல்லுறதுக்குக் கேக்கேல்லை. உங்களுக்கு எவ்வளவு மருந்து தேவைப்படும், எது ஒத்துவராது எண்டு அறியத்தான் கேக்கிறன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். எதைப் பாவிக்கிறார், எவ்வளவு காலமாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, புகைக்கிறாரா ஊசியாக ஏற்றுகிறாரா, கடைசியாக எப்போது என்று வரிசையாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. இலங்கையில் ஹெரோயினைப் பெரும்பாலானோர் ஈயத்தாளில் சூடாக்கிப் புகையாகவே இழுக்கிறார்கள். ஊசியாக ஏற்றுபவராக இருந்தால் நரம்பு பிடிப்பது கடினமாக இருக்கும், ஊசி குத்திய இடங்களில் சீழ் இருக்கலாம், ஈரலழற்சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளும் தேவைப்படும், விளங்காத காய்ச்சல் வந்தால் இதய வால்வில் தொற்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தெருவில் வாங்கும் பொட்டலத்தில் உண்மையான ஹெரோயின் எவ்வளவு என்பது அவருக்கும் தெரியாது என்பதனால், அவர் சொல்லும் அளவை நேரடியாக மோர்பின் அளவாக மாற்ற முடியாது. சிறிய அளவில் தொடங்கி, பக்கத்தில் நின்று பார்த்து, படிப்படியாக உயர்த்துவதே வழி.

இப்போது உங்கள் நோயாளி கேட்பது தொடை நோவுக்கா, ஹெரோயின் இல்லாத தவிப்புக்கா என்ற கேள்வி எழும். இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்றாலும் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு எங்களுக்கு உதவுகிறது. பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று கேட்டால் பலர் பத்து என்றே சொல்லிவிடுவார்கள், "என்ன மாதிரி நோகுது?" என்று கேட்டால் எங்கள் சனம் நுணுக்கமாகச் சொல்லும். வெட்டிய இடத்தில் குத்துது, இழுக்குது, விண்விண் என்று தெறிக்குது என்பவர் காயத்தைச் சொல்கிறார். காலில் எரியுது, மின்சாரம் பாயிற மாதிரி இருக்கு என்பவர் நரம்பைச் சொல்கிறார். இரண்டு காலும் முதுகும் உளையுது, எலும்புக்குள்ளே உளையுது, ஒரு பக்கமும் சரிந்து படுக்க ஏலாது என்பவர் பெரும்பாலும் விடுபடு அறிகுறியை, அதாவது ஹெரோயின் நின்றதனால் வரும் தவிப்பைச் சொல்கிறார். அப்போது அவருடைய கையைப் பாருங்கள்: மின்விசிறிக்கு நேரே இல்லாதபோதும் மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்கும். கொட்டாவி விட்டபடி இருப்பார், மூக்கும் கண்ணும் ஒழுகும், கண்மணி விரிந்திருக்கும், வயிற்றோட்டம் இருக்கும். இவற்றில் பலவற்றை நடிக்க முடியாது. கண்மணியை நினைத்தபடி விரிக்க எவராலும் முடியாது. ஹெரோயினை நிறுத்தி 6 முதல் 12 மணித்தியாலத்தில் இவை தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரமளவில் தணியும். இதற்கென 11 அம்சங்களைப் பார்த்துப் புள்ளியிடும் ஓர் அளவுகோல் உண்டு. மதுவுக்கு 10 அம்சங்களுடன் இன்னொன்று உண்டு. உங்கள் விடுதியில் அந்தப் படிவங்கள் இல்லாவிட்டால் பொறுப்புத் தாதியிடம் சொல்லி ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

விடுபடு அறிகுறி என்று தெரிந்தால், இது நோ இல்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை. அது தனக்கென மருந்து உள்ள ஒரு நிலை. மயக்க மருந்து கொடுக்கும் உணர்வழியியல் வைத்தியரும் மனநல வைத்தியரும் சேர்ந்து முடிவெடுக்கும் வகையில் அன்றே தகவல் கொடுப்பது உங்கள் வேலை.

மருந்துத் திட்டத்தை எழுதுவது வைத்தியர். ஆனால் அது எப்படி எழுதப்பட வேண்டும் என்பதில் தாதியின் சொல்லுக்கு எடை உண்டு. நான் எப்போதும் கேட்பது, நோமருந்தை எஸ்.ஓ.எஸ்., அதாவது தேவைப்படும்போது மட்டும், என்று எழுதாமல் நேரம் குறித்து எழுதும்படி. தேவைப்படும்போது என்று எழுதப்பட்ட மருந்து கெஞ்சும்போதுதான் கிடைக்கும். கெஞ்சுவதைப் பார்த்து, போதைக்குக் கேட்கிறார் என்கிறோம். அதனால் பிந்திக் கொடுக்கிறோம். பிந்துவதனால் அவர் இன்னும் பலமாகக் கேட்கிறார். போதைத் தேடல் போலத் தோன்றும் நடத்தையில் ஒரு பகுதி நோ தணிக்கப்படாததால் வருவது என்பதை 1989லேயே இரண்டு வைத்தியர்கள் எழுதினார்கள். அவர்கள் அதற்கு வைத்த 'போலிப் போதை நோய்' என்ற பெயர் பற்றி இன்றும் விவாதம் உண்டு, ஆனால் விடுதியில் அதை எவரும் காணலாம். நேரம் குறித்து, கேட்குமுன்னரே மருந்தோடு போய் நின்றால் இரண்டாம் நாளே அந்தக் கட்டிலைச் சுற்றியுள்ள சண்டை அடங்கிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வாயால் எடுக்க முடிந்தவருக்கு ஊசியிலும் வாய்வழி மருந்து நல்லது. உடனடியாக மூளைக்கு ஏறும் கிறக்கம் அதில் குறைவு. ஈரலும் இரைப்பையும் சிறுநீரகமும் இடங்கொடுத்தால் பெரசிட்டமோலும் டைக்ளோபெனக் வகை மருந்தும் ஒழுங்காகச் சேரட்டும். தொடை முறிவுக்கு உணர்வழியியல் வைத்தியர் நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து செலுத்த முடியுமானால் அதைவிடச் சிறந்தது இல்லை. காலை உயர்த்தி வைத்தல், அணைவு கொடுத்தல், அசைக்குமுன் அரை மணித்தியாலம் முன்கூட்டியே மருந்து கொடுத்தல், இரவில் விளக்கைக் குறைத்து நித்திரைக்கு விடுதல் ஆகியவை மருந்துக்குப் பதிலாக இல்லை, மருந்தோடு சேர்த்துச் செய்யப்பட வேண்டியவை.

சில மருந்துகளைப் பற்றிக் கட்டாயம் எச்சரிக்க வேண்டும். பென்டசோசின் போன்ற கலப்பு வகை நோமருந்துகளை ஹெரோயினில் சார்ந்தவருக்கு ஏற்றினால், அவை பழைய மருந்தை அதன் இருக்கையிலிருந்து தள்ளிவிட்டு, நிமிடங்களுக்குள் கடும் விடுபடு நிலையை உண்டாக்கும். பெத்திடின் என்ற நோமருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் அதன் கழிவு உடம்பில் சேர்ந்து வலிப்பு வரலாம்.

கூடுதல் அளவு கொடுக்கும் துணிவு கண்காணிப்பிலிருந்து வர வேண்டும். நாளத்தில் ஏற்றிய மோர்பின் 20 நிமிடமளவில் உச்சத்துக்கு வரும், வாயால் கொடுத்தது ஒரு மணித்தியாலமளவில். அந்த நேரத்தில் திரும்பிப் போய்ப் பாருங்கள். மூச்சு குறையுமுன் ஆள் மயங்குவார். ஆகவே மயக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெயர் சொன்னதும் கண் திறந்து ஒழுங்காகப் பேசுகிறாரா, பேசிக்கொண்டிருக்கும்போதே வசனம் முடியாமல் தூங்கிப்போகிறாரா? இரண்டாவது நிலையில் அடுத்த அளவைக் கொடுக்காமல் வைத்தியரைக் கூப்பிடுங்கள். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். "நல்லா குறட்டை விட்டு நித்திரை கொள்ளுறார், பாவம்" என்று கடந்து போகாதீர்கள். புதிதாகத் தொடங்கிய குறட்டை மூச்சுவழி அடைபடுவதன் சத்தமாக இருக்கலாம். மோர்பினின் வேலையை முறிக்கும் நலொக்சோன் தேவைப்பட்டால், மூச்சு நின்றுபோகாத நிலையில், 0.4 மில்லிகிராமை 10 மில்லிலீற்றராக்கி, வைத்தியரின் கட்டளைப்படி ஒவ்வொரு மில்லிலீற்றராக, மூச்சு சீராகும்வரை மட்டும் ஏற்றுவது நல்லது. முழுவதையும் ஒரேயடியாக ஏற்றினால் நோவும் விடுபடு நிலையும் ஒன்றாகத் திரும்பி அவர் கட்டிலைவிட்டுப் பாய்வார். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான் என்பதனால் எழும்பிவிட்டார் என்று விட்டுவிடவும் முடியாது.

ஏமாற்றுபவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. குளிசையை நாக்கின் கீழ் ஒளித்து வைப்பவர்கள், பார்வையாளர் நேரத்தில் பொட்டலம் வாங்குபவர்கள், ஒரு தாதியிடம் மறுக்கப்பட்டதை அடுத்தவரிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கு மறுமொழி கோபமாக இருக்கத் தேவையில்லை. விழுங்கும்வரை நின்று தண்ணீர் கொடுத்து வாயைப் பாருங்கள். இயன்றால் திரவ வடிவில் கேளுங்கள். மூன்று கடமை நேரத்துக்கும் ஒரே திட்டம் இருக்கட்டும். அதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். உரிய நேரத்துக்கு முன்னரே மயங்கிக் கிடந்து, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கியிருந்தால், வெளியிலிருந்து ஏதோ வந்திருக்கிறது. அந்த வேளையின் மருந்தைத் தள்ளிவைத்து, மூச்சைப் பார்த்து, வைத்தியருக்குச் சொல்லி, ஆள் தெளிந்த பின்னர் நேரடியாகப் பேசுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. மருந்து என்று சொல்லி வெறும் வடிநீரை ஏற்றிவிட்டு, அவர் அமைதியானதும் "பாத்தீங்களா, நோவே இல்லை" என்பது. உண்மையான நோ உள்ளவர்களிலும் பலருக்கு மருந்து கிடைத்தது என்ற நம்பிக்கையால் சற்று நேரம் நோ தணியும். அது எதையும் நிரூபிப்பதில்லை. ஒருநாள் அவருக்குத் தெரியவரும்போது, அதற்குப் பிறகு எந்தத் தாதி சொல்வதையும் அவர் நம்பமாட்டார்.

அபாயகர மருந்துப் பதிவேட்டில் கையெழுத்திடப் பயப்படுபவர்களையும் கண்டிருக்கிறேன். நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம் 1929ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வைத்தியர் எழுதிய மருந்தை நோவுக்காக, இருவர் பார்த்து, எண்ணிக் கொடுத்து, மீதியைக் கணக்கிட்டு எழுதிய தாதிக்கு அந்தப் பதிவேடு பாதுகாப்பேயன்றிப் பொறி அன்று. ஆனால் நோயாளர் பதிவில் எழுதும் சொல்லில் கவனம் வேண்டும். "போதைக்காக ஊசி கேட்டுத் தொல்லை தருகிறார்" என்று ஒருவர் எழுதிவிட்டால் அடுத்த ஐந்து நாட்களுக்கு எல்லோரும் அந்த வசனத்தைத்தான் பராமரிப்பார்கள். "இரவு 1.10. இடது தொடையில் குத்து நோ, 10க்கு 8, கால் அசைக்க முடியவில்லை. கட்டு உலர்ந்துள்ளது, விரல்களில் உணர்வும் அசைவும் உண்டு. கையில் மயிர்சிலிர்ப்பு, கொட்டாவி, நாடி 108. கடைசி மோர்பின் 11.00 மணிக்கு, அரை மணித்தியாலமே தணிந்ததாகச் சொல்கிறார். கடமை வைத்தியருக்கு 1.15க்கு அறிவிக்கப்பட்டது" என்று எழுதினால் காலையில் வரும் வைத்தியர் அளவை மாற்றுவதற்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய இரண்டு வகை நோயாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ கோயில் திருவிழாவுக்கு வந்த இடத்தில் விபத்துக்குள்ளாகி, அங்கே மெதடோன் அல்லது புப்ரெனோர்பின் சிகிச்சையில் இருப்பதை உறவினருக்கு மறைத்து வைத்திருப்பவர்கள் ஒரு வகை. அந்த மருந்தை நிறுத்தவிடாதீர்கள். போத்தலைக் கொண்டுவரச் சொல்லி, கடைசியாக எடுத்த நேரத்தைக் குறித்து, வைத்தியருக்குக் காட்டுங்கள். மெதடோன் விடுபடு நிலையை ஒரு நாளுக்கு மேல் தடுத்தாலும் நோவைத் தணிப்பது 4 முதல் 8 மணித்தியாலம்தான். அதை எடுக்கிறாரே, பிறகேன் நோமருந்து என்று கேட்பது பிழை. அபின் வகை மருந்துகளைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் எடுப்பவராக இருந்தால் மோர்பின் வேலை செய்யாது. அது வைத்தியருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிய வேண்டும். மற்ற வகை, போரில் காலை இழந்தவர்களும் உடம்பில் செல் துண்டுகளோடு வாழ்பவர்களும். இல்லாத காலில் எரியும் நோவைத் தணிக்க வேறு வழி காட்டப்படாததனால் சாராயத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. அவர்களிடம் குடியைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அந்த நோவைப் பற்றிப் பேசுங்கள்.

குடியையோ ஹெரோயினையோ விட்டு வருடக்கணக்கில் நல்லாக இருப்பவர் புற்றுநோயோடு தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு வரும்போது மோர்பினை மறுப்பதும் உண்டு. "திருப்பி அதுக்குள்ள விழுந்துடுவன்" என்ற அந்தப் பயம் மதிக்கப்பட வேண்டியது. அபின் வகை இல்லாத மருந்துகளால் முடியுமளவும் போகலாம். ஆனால் தணியாத நோவும் மனிதரைப் பழைய பழக்கத்துக்குத் தள்ளும் என்பதையும் சொல்லுங்கள். மோர்பின் தேவைப்பட்டால் எவ்வளவு நாள், யார் குளிசையை வைத்திருப்பது, ஆசை திரும்பி வந்தால் யாரிடம் சொல்வது என்பதை அவரும் மனைவியும் வைத்தியரும் முன்கூட்டியே பேசி முடிவெடுக்கட்டும்.

துண்டு வெட்டும் நாளில் பெரும்பாலும் எல்லாம் கைவிட்டுப் போகிறது. ஐந்து நாள் மோர்பினில் இருந்தவரை இரண்டு பனடோல் பொதியோடு வீட்டுக்கு அனுப்புவது அவரைப் பொட்டலம் விற்கும் சந்திக்கு அனுப்புவதற்குச் சமம். சில நாட்களுக்கு மட்டும் போதுமான, படிப்படியாகக் குறையும் மருந்து, ஒரே கிளினிக், ஒரே கொப்பி, குளிசையைக் கையில் வைத்து நேரத்துக்குக் கொடுக்கும் ஒருவர் என்று ஏற்பாடு வேண்டும். மனநலப் பிரிவுக்கான கடிதம் துண்டோடு சேர்ந்தே போக வேண்டும். 1984இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தையும், மனநல உதவிக்கான 1926ஐயும் தாயாரிடம் எழுதிக் கொடுங்கள். அதோடு அந்த இளைஞரிடம் ஒன்றை முகத்துக்கு முகம் சொல்ல வேண்டும்: ஹெரோயின் இல்லாமல் இருந்த நாட்களில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும், முன்னர் இழுத்த அளவையே திரும்பவும் இழுத்தால் மூச்சு நின்றுபோகலாம். இதைச் சொன்னால் பாவிக்கச் சொல்லிக் கொடுப்பதாகிவிடும் என்று தயங்காதீர்கள்; தெரியாமலே இறந்துபோவதைத்தான் நாங்கள் தடுக்கிறோம்.

இன்றிரவு கடமைக்குப் போனதும் முதலில் அவருடைய காலைப் பாருங்கள், விரல்களை அசைக்கச் சொல்லுங்கள். பிறகு கடைசி மருந்தின் நேரத்தையும் ஹெரோயின் கடைசியாக எடுத்த நேரத்தையும் ஒரே தாளில் எழுதி, எஸ்.ஓ.எஸ். மருந்தை நேரம் குறித்ததாக மாற்றும்படி கடமை வைத்தியரிடம் கேளுங்கள். அடுத்த மருந்து எத்தனை மணிக்கு என்று அவரிடம் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே அவருடைய கட்டிலடிக்குப் போங்கள்.